வீட்டிலேயே ஹெட்லைட் மட்டம்: இரண்டு ஞாயிறுகளும் ஒரு டியூப் லெவலும்

போன ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு மேல் மேடவாக்கத்திலிருந்து மாம்பாக்கம் வரை காரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தேன். அந்தப் பக்கம் வேறு வேலை எதுவும் இல்லை. விளக்கைப் பார்க்கத்தான் போனேன். நடுவில் தடுப்பு இல்லாத இடங்களில் எதிரே வந்த பைக், ஆட்டோ, டிப்பர் லாரி எதுவும் எனக்கு விளக்கைச் சிமிட்டிக் காட்டவில்லை. இடது ஓரம் நடந்து போனவர்களின் செருப்பும் கணுக்காலும் நல்ல தூரத்திலேயே தெரிந்தன. பல நாளாக மனதை அரித்த வேலை, ஹெட்லைட்டின் டிம் வெளிச்சத்தைச் சரியான உயரத்தில் வைக்கும் வேலை, முடிந்தது என்று அப்போதுதான் நம்பினேன். செய்த தப்புகளோடு சேர்த்தே எழுதி வைக்கிறேன். ஸ்க்ரூவைத் திருகுவது இதில் ஐந்து நிமிட வேலை. மிச்ச நேரமெல்லாம் எங்கே போனது என்பதுதான் சொல்ல வேண்டிய விஷயம்.

கார் பத்து வருஷம் ஓடிய சின்ன ஹேட்ச்பேக். எச்4 ஹாலஜன் பல்பு, 60/55 வாட். ஒரே பல்புக்குள் பிரைட்டுக்கு ஓர் இழை, டிம்முக்கு ஓர் இழை. டிம் இழைக்குக் கீழே சின்னதாக ஓர் உலோகக் கிண்ணம் இருக்கும். வெளிச்சத்தின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் விழுவது அந்தக் கிண்ணத்தால்தான். நாம் இடதுபக்கம் ஓட்டுகிறவர்கள் என்பதால் அந்த விளிம்பு வலதுபக்கம் படுக்கையாக ஓடும், இடதுபக்கம் 15 டிகிரி மேலே ஏறும். எதிரே வருபவரின் கண்ணில் படாமல், நம் பக்கத்து ஓரம் மட்டும் தூரமாகத் தெரிய இந்த ஏற்பாடு. இவ்வளவு தெரிந்தால் இந்த வேலைக்குப் போதும்.

வினை ஆரம்பித்தது ஈசிஆரில். மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் வழியில், கோவளம் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இடது விளக்கு போய்விட்டது. டிக்கியில் மாற்று பல்பு இருந்தது. காரை ஓரம் கட்டி, செல்போன் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு, கையை உள்ளே விட்டுத் தடவித் தடவி மாற்றினேன். எரிந்தது. எரிந்ததும் பானெட்டை மூடிவிட்டேன்.

ஊருக்குள் வந்த பிறகு தெருவிளக்கு வெளிச்சத்தில் குறை ஒன்றும் தெரியவில்லை. பத்து நாள் கழித்து மடிப்பாக்கத்தில் எங்கள் தெருவில் கரண்ட் இல்லாத ஓர் இரவு. காரைத் திருப்புகிறேன், முனையில் இருக்கும் வேப்பமரத்தின் மேல் கிளை இலை இலையாகத் தெரிகிறது. கீழே தரையில் இடதுபக்கம் இருட்டு. டிம்மில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

முதல் ஞாயிறு வேலையில் இறங்கினேன். எங்கள் அபார்ட்மென்டின் கீழ்த்தள பார்க்கிங்கில் என் இடத்துக்கு நேர் எதிரே காம்பவுண்டு சுவர். விளக்கிலிருந்து சுவர் வரை சரியாக 5 மீட்டர் கிடைத்தது. 7.5 மீட்டரோ 10 மீட்டரோ கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் சென்னை அபார்ட்மென்டில் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது?

முதலில் காரைத் தயார் செய்தேன். நான்கு டயரிலும் காற்று, கதவோரம் ஒட்டியிருக்கும் அளவுப்படி. பெட்ரோல் அரை டேங்க். டிக்கியில் கிடந்த வேண்டாத சாமான் எல்லாம் வெளியே. விளக்கின் உயரத்தை உள்ளிருந்து மாற்றும் சின்னச் சக்கரம் டாஷ்போர்டில் இருந்தால் அது பூஜ்யத்தில் இருக்க வேண்டும். என்னுடையது 1-ல் இருந்தது, எவ்வளவு நாளாக என்று தெரியாது. அடுத்து, ஓட்டுகிறவரின் எடை. சாலையில் நான் உள்ளே உட்கார்ந்திருப்பேன், ஆனால் வேலை செய்யும்போது வெளியே நிற்பேன். அதனால் என் சீட்டில் 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று, அதன் முன்னால் கால் வைக்கும் இடத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. மொத்தம் 65 கிலோ. என் எடை 68. கடைசியாக முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இரண்டு மூன்று முறை அழுத்தி விட்டேன், ஸ்பிரிங் தன் இடத்துக்கு வந்து உட்காரட்டும் என்று.

கோடு போடும் வேலை. முன் கண்ணாடியின் நடுவில் நேராக ஒரு மாஸ்கிங் டேப், பின் கண்ணாடியின் நடுவிலும் ஒன்று. காருக்குப் பின்னால் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இரண்டு டேப்பும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். அந்த நேர்க்கோடு சுவரில் எங்கே போய் முட்டுகிறதோ அதுதான் காரின் நடு. மகள் சுவரருகே டேப்போடு நின்றாள், நான் "இன்னும் கொஞ்சம் இடது, இன்னும், நில்லு" என்று சொல்லச் சொல்ல ஒட்டினாள். இரண்டு விளக்கின் மையங்களுக்கும் இடையே 110 செ.மீ. ஆக நடுவிலிருந்து இந்தப் பக்கம் 55, அந்தப் பக்கம் 55. தூக்குக் குண்டு தொங்கவிட்டு நேராக இரண்டு டேப். விளக்கின் மையம் தரையிலிருந்து 66 செ.மீ. சுவரிலும் தரையிலிருந்து 66 செ.மீ. அளந்து படுக்கையாக ஒரு கோடு போட்டேன். இந்த இடத்தில்தான் சறுக்கினேன். ஆனால் அது தெரிய இன்னும் ஒரு வாரம் ஆனது.

எவ்வளவு இறக்க வேண்டும் என்பது பானெட்டுக்கு அடியில் விளக்குப் படம் போட்ட ஒரு சின்ன ஸ்டிக்கரில் இருந்தது: 1.2%. அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் 1.2 செ.மீ. கீழே. 5 மீட்டருக்கு 6 செ.மீ. அப்படி வைத்தால் 66 செ.மீ. உயரத்தில் இருக்கும் விளக்கின் விளிம்பு 55 மீட்டர் தள்ளிச் சாலையைத் தொடும். சுவரில் 60 செ.மீ. உயரத்தில் இரண்டாவது டேப் ஒட்டினேன். ஒளி விளிம்பு இதில் வந்து உட்கார வேண்டும் என்பது திட்டம்.

இருட்டியதும் வாட்ச்மேன் அண்ணனிடம் சொல்லி பார்க்கிங் விளக்குகளை அணைக்கச் சொன்னேன். டிம் போட்டேன். வலது விளக்கின் விளிம்பு சுவரில் துல்லியமாக விழுந்தது, இடதுபக்கம் மேலேறும் அந்த மடிப்பு உட்பட. மகள் யாரும் சொல்லாமலே அந்த விளிம்பின் மேல் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டாள். "ஏம்மா?" என்றேன். "திருப்புறதுக்கு முன்னாடி எங்க இருந்துச்சுன்னு தெரிய வேணாமாப்பா?" என்றாள். தரையிலிருந்து 55 செ.மீ. இந்த எண் பிறகு வரும்.

இடது விளக்கு வேறு கதை. விளிம்பு என்று எதுவும் இல்லை. வெளிச்சம் வலது கோடியில் தாழ்ந்தும் இடது கோடியில் மேலே வழிந்தும் ஒரு வெள்ளைத் திட்டாகக் கிடந்தது. "கொட்டிப் போன பால் மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள். அப்போதே கையை நிறுத்தியிருக்க வேண்டும். நான் நேராக ஸ்க்ரூவிடம் போனேன்.

இந்தக் காரில் ஒவ்வொரு விளக்கின் பின்னாலும் இரண்டு ஸ்க்ரூ. ஒன்று மேலும் கீழும், இன்னொன்று இடமும் வலமும். ஸ்க்ரூவின் தலையில் வெள்ளை நைலான் பல்சக்கரம். மேலே பிளாஸ்டிக்கில் ஒரு சின்ன வழி விட்டிருக்கிறார்கள். நீளமான ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரை அந்த வழியாகச் செங்குத்தாக இறக்கினால் அதன் முனை பல்சக்கரத்தின் பற்களோடு கவ்விக்கொள்ளும். கவ்வியது கைக்குத் தெரியும்: திருப்பும்போது ஒவ்வொரு பல்லும் 'டக் டக்' என்று விரலுக்கு ஏறும். கவ்வாமல் திருகினால் பல்தான் தேயும். பத்து வருஷமாக யாரும் தொடாத ஸ்க்ரூ, போதாததற்குக் கடற்காற்று. இடது விளக்கினுடையது அசையவே இல்லை. தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டு, பத்து நிமிஷம் விட்டுவிட்டு, கால் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று ஆட்டி ஆட்டித்தான் இளகியது. இதில் அவசரப்பட்டால் நைலான் உடைந்துவிடும். உடைந்தால் விளக்கையே மாற்ற வேண்டி வரும்.

நான்கு முழுச் சுற்று திருகினேன். திட்டு கீழே இறங்கியது, ஆனால் திட்டு திட்டாகவேதான் இருந்தது. அப்போதுதான் பல்பு நினைவுக்கு வந்தது. ரப்பர் மூடியைக் கழற்றி வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். எச்4 பல்பின் வளையத்தில் மூன்று காதுகள். அகலமானது மேலே, சின்னவை இரண்டும் கீழே, அதனதன் பள்ளத்தில் உட்கார வேண்டும். என் பல்பின் மேல் காது பள்ளத்துக்கு வெளியே ஏறி உட்கார்ந்திருந்தது. கம்பி ஸ்பிரிங்கின் ஒரு கால் கொக்கியில் மாட்டாமல் பல்பின் முதுகில் சும்மா சாய்ந்திருந்தது. ஈசிஆர் இருட்டில் நான் செய்து வைத்த வேலை. பல்பை எடுத்து, காதுகளைப் பள்ளத்தில் வைத்து அழுத்தி, ஸ்பிரிங்கின் இரண்டு கால்களையும் 'க்ளிக்' என்று மாட்டினேன். கண்ணாடியில் கை படாமல் துணியால் பிடித்தேன், விரல் எண்ணெய் பட்டால் ஹாலஜன் சீக்கிரம் போகும். விளக்கைப் போட்டதும் சுவரில் நேர்த்தியான விளிம்பு. ஆனால் நான்கு சுற்று தேவையில்லாமல் திருகியாகிவிட்டது. இடது விளக்கு கம்பெனியில் எங்கே இருந்தது என்பது இனித் தெரிய வழியில்லை.

மற்றபடி அன்று எல்லாம் சுலபமாக முடிந்தது. ஒரு விளக்கைச் சரிசெய்யும்போது மற்றதை மறைக்க அட்டைப் பெட்டியைக் கிழித்துச் சற்றுத் தள்ளி நிறுத்தினேன். துணியைப் போர்த்தக் கூடாது, ஹாலஜன் சூட்டில் முன் பிளாஸ்டிக் கெட்டுப்போகும். வலது விளக்கின் விளிம்பு என் டேப்புக்கு 5 செ.மீ. கீழே இருந்தது. "இதுவும் தாழ்ந்து போயிருக்கு, அதான் ராத்திரி ரோடு தெரியல" என்று சொல்லிக்கொண்டே இரண்டரைச் சுற்று ஏற்றினேன். இந்தக் காரில் ஒரு சுற்றுக்கு 5 மீட்டரில் சுமார் 2 செ.மீ. நகர்கிறது. இடதையும் 60-க்குக் கொண்டு வந்தேன். இரண்டு விளிம்பும் ஒரே டேப்பில் பளிச்சென்று உட்கார்ந்தன. போட்டோ எடுத்துக்கொண்டோம்.

அந்த வாரம் முழுக்க எதிரே வருகிறவர்கள் எனக்கு பிரைட் அடித்துக் காட்டினார்கள். முதல் நாள் அவர்கள் பழக்கம் என்று நினைத்தேன். புதன்கிழமை வேளச்சேரி போகும் உள்சாலையில் எதிரும் புதிருமாக நெரிசலில் நின்றபோது எதிரே நின்ற ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டி, "சார், டிம் போடு சார், கண்ணு தெரில" என்றார்.

"டிம்லதாம்பா இருக்கு."

"இது டிம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளங்கையால் கண்ணை மறைத்துக்கொண்டார். அந்தக் கை இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் பின்னால் இரண்டு பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர் எதையும் சரியாகப் பார்க்க முடியாமல் அடுத்த நூறு அடியைக் கடக்கப் போகிறார் என்பது எனக்கு மிகவும் சங்கடமாக இருந்தது.

வாட்ச்மேன் அண்ணன் ஹெட்லைட் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார். நம் ஊரில் பல காலமாக இருக்கும் வழக்கம்தான். கொஞ்சம் வெளிச்சம் குறையும், ஆனால் விளிம்பின் உயரம் அதனால் இம்மியும் இறங்காது. ஜி.பி. ரோட்டில் பல்பு வாங்கப் போனபோது கடைக்காரர் எல்இடி பல்பைக் கையில் திணித்தார், அது வேண்டாம் என்றதும் 100/90 வாட். இரண்டையும் மறுத்து, சாதாரண 60/55 ஒரு ஜோடி வாங்கினேன். ஹாலஜன் இழைக்காக வடித்த பிரதிபலிப்பானுக்குள் எல்இடியை வைத்தால் ஒளி பிறக்கும் இடமும் உருவமும் மாறிவிடும், அந்தக் கத்தி விளிம்பு அதோடு போய்விடும். 100 வாட்டோ வயரையும் ஹோல்டரையும் சுடும். ரோடு தெரியவில்லை என்றால் நம்மில் பெரும்பாலோர் முதலில் பல்பைத்தான் மாற்றுகிறோம். எனக்குக் கிடைத்த பதில் வேறு இடத்தில் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுவரில் டேப்பை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் மாடியில் பாத்ரூம் டைல்ஸ் வேலை நடந்துகொண்டிருந்தது. கை கழுவ இறங்கி வந்த மேஸ்திரி நின்று விசாரித்தார். நடந்ததைச் சொன்னேன். சுவரைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"சார், செவுத்துல கோடு போட்டது கரெக்டு. தரை மட்டம்னு உங்களுக்கு யார் சொன்னது? பார்க்கிங்கை மட்டமாப் போட்டா மழைத் தண்ணி எங்க ஓடும்? பத்தடிக்கு ஒரு இஞ்ச் வாட்டம் குடுத்துத்தான் போடுவோம். நடுவுல பாருங்க, வாய்க்கால்."

காருக்கும் சுவருக்கும் நடுவில் கம்பி மூடி போட்ட வாய்க்கால் இருக்கிறது. எட்டு வருஷமாக அதன் மேல்தான் காரை ஏற்றி இறக்குகிறேன். பத்தடிக்கு ஓர் அங்குலம் என்றால் 120-க்கு 1, சதவீதத்தில் 0.8-க்கும் சற்று மேல். நான் துல்லியமாக வைக்கப் பார்ப்பதோ 1.2%. தரையின் வாட்டமே நான் தேடும் அளவில் முக்கால்வாசிக்கு அருகில் இருக்கிறது. கேட்டதும் வயிற்றில் ஏதோ நழுவியது.

மறுநாள் காலை ஹார்டுவேர் கடையில் கண்ணாடிபோல் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூப் 10 மீட்டர் வாங்கினேன். கொத்தனார்கள் கையில் பார்த்திருப்பீர்கள். டியூப் லெவல். தண்ணீரை நிரப்பி இரண்டு முனையையும் பிடித்தால், எவ்வளவு தூரமானாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நிரப்புவதில் ஒரு பக்குவம் இருக்கிறது. முதல் முறை நான் எடுத்த அளவும் மகள் எடுத்த அளவும் ஒரு செ.மீ.க்கு மேல் வித்தியாசப்பட்டன. மேஸ்திரி டியூபைக் கையில் வாங்கி அடியிலிருந்து மேல்வரை கண்ணால் ஓட்டிப் பார்த்தார். நடுவில் சுருண்டு கிடந்த இடத்தில் பட்டாணி அளவில் ஒரு காற்றுக் குமிழ். விரலால் சுண்டிச் சுண்டி அதை மேலே ஏற்றி வெளியேற்றினார். "குமிழ் இருந்தா பொய் சொல்லும் சார்" என்றார். அளக்கும்போது இரண்டு முனையிலிருந்தும் கட்டை விரலை எடுத்துவிட வேண்டும், தண்ணீர் ஆடி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

ஒரு முனையைத் தூணில் டேப்பால் கட்டிவிட்டோம். மறுமுனையை ஒவ்வோர் இடமாகக் கொண்டு போய், தண்ணீர் மட்டத்திலிருந்து தரை வரை ஸ்டீல் டேப்பால் அளந்தோம். ஒவ்வோர் இடத்திலும் டியூபின் உயரத்தை ஏற்றி இறக்கி, தூணில் தண்ணீர் அதே பென்சில் குறியில் நிற்கிறதா என்று மகள் பார்த்துச் சொன்ன பிறகே அளவு. பின்சக்கரத்தடியில் 80 செ.மீ. முன்சக்கரத்தடியில் 81.5. சுவரடியில் 79.5. இடது வலது சக்கரங்களுக்கிடையே 3 மி.மீ.தான் வித்தியாசம், அதை விட்டுவிட்டேன்.

அதாவது என் கார் மூக்கைத் தாழ்த்தி நிற்கிறது. பின்சக்கரத்தைவிட முன்சக்கரம் 1.5 செ.மீ. கீழே. இரண்டு சக்கரத்துக்கும் இடையே 240 செ.மீ. சுவரோ வாய்க்காலைத் தாண்டி மறுபடி மேலேறிய தரையில் நிற்கிறது, முன்சக்கரத்தடியைவிட 2 செ.மீ. உயரத்தில்.

தாளில் படம் போட்டேன். சக்கரங்கள் நிற்கும் சாய்வை அப்படியே நீட்டினால் சுவரில் எங்கே போய்ச் சேரும்? முன்சக்கரத்திலிருந்து விளக்குக்கு 60 செ.மீ., விளக்கிலிருந்து சுவருக்கு 500. ஆக 560. 240-க்கு 1.5 இறங்கினால் 560-க்கு 3.5. முன்சக்கரத்தடிக்கு 3.5 செ.மீ. கீழே. சுவரின் தரை 2 செ.மீ. மேலே இருப்பதால், மொத்தம் 5.5 செ.மீ. வித்தியாசம். விளக்கின் உயரக் கோடு சுவரில் 66-ல் வந்திருக்கக் கூடாது, 60.5-ல் வந்திருக்க வேண்டும். அதற்கு 6 கீழே, 54.5. நான் விளிம்பை உட்கார வைத்ததோ 60-ல். சரியான உயரக் கோட்டுக்கு வெறும் அரை செ.மீ. கீழே. 1.2% என்று நினைத்துக்கொண்டு 0.1%-ல் ஓட்டியிருக்கிறேன். பின்சீட்டில் இரண்டு பேர் உட்கார்ந்து வால் தாழ்ந்தால் வெளிச்சம் நேராக எதிரே வருபவர் முகத்துக்குத்தான். ஆட்டோக்காரரின் உள்ளங்கைக்குக் கணக்கு கிடைத்துவிட்டது.

54.5 என்று எழுதியதும் மகள் எழுந்து சுவரருகே போனாள். முதல் ஞாயிறு அவள் போட்ட பென்சில் கோடு டேப்புகளுக்குக் கீழே அப்படியே இருந்தது. வலது விளக்கை நான் தொடுவதற்கு முன்னால் விளிம்பு நின்ற இடம்: 55. கம்பெனியில் வைத்தது பத்து வருஷமாக நகரவே இல்லை. நன்றாக இருந்த விளக்கை நான்தான் ஏற்றியிருக்கிறேன். அதே நேரம், டியூப் போட்ட கணக்கும் பென்சில் கோடும் அரை செ.மீ.க்குள் பொருந்தியதில் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இரண்டும் தனித்தனி வழியில் வந்த எண்கள்.

இரண்டாவது ஞாயிறு இரவு மறுபடி அரிசி, மறுபடி தண்ணீர் கேன். பழைய டேப்புகளை உரித்துவிட்டு 54.5-ல் புதிய டேப். சுவரில் எடுத்த உயரத்தை இந்த முறை ரசமட்டம் வைத்தும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். வலது விளக்கை இரண்டே முக்கால் சுற்று இறக்கினேன். கடைசிக் கால் சுற்று எப்போதும் ஏற்றும் திசையில் முடியும்படி பார்த்துக்கொண்டேன்: கொஞ்சம் அதிகமாக இறக்கி, பிறகு மெல்ல ஏற்றி நிறுத்துவது. அப்படிச் செய்தால் ஸ்க்ரூவின் தளர்ச்சி ஒரு பக்கமாக இறுகி நிற்கிறது. வெறுமே இறக்கி விட்டபோது பானெட்டை அடித்து மூடியதும் விளிம்பு 4 மி.மீ. இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன்.

இடது விளக்குக்கு இடவலமும் பார்க்க வேண்டியிருந்தது. படுக்கையாக ஓடும் விளிம்பு மேலேறத் தொடங்கும் மடிப்பு, அந்த விளக்கின் நேர்க்கோட்டு டேப்பில் வர வேண்டும். என்னுடையது 7 செ.மீ. வலதுபக்கம் தள்ளி இருந்தது. முதல் வாரம் உயரத்தை மட்டும் பார்த்துவிட்டு இதை அப்படியே விட்டிருந்தேன். மேலேறும் அந்தப் பகுதி எதிர்த்திசை வண்டிகளின் பக்கம் சாய்ந்திருந்தது என்றால், ஆட்டோக்காரரின் கண் கூசியதில் இதற்கும் பங்கு உண்டு. இடவல ஸ்க்ரூவைத் திருப்பினால் உயரமும் கொஞ்சம் மாறும், உயரத்தைத் திருப்பினால் இடவலமும் கொஞ்சம் மாறும். மாறி மாறி மூன்று முறை போனேன். கடைசியில் இரண்டு விளிம்பும் 54.5-ல், மடிப்புகள் அதனதன் டேப்பில். பானெட்டை மூடி, காரை இரண்டடி பின்னால் எடுத்து, மறுபடி பழைய இடத்தில் நிறுத்தி ஒரு முறை பார்த்தேன். அதே இடம்.

அதற்குப் பிறகுதான் மாம்பாக்கம் சாலை. போகும் வழியில் சிக்னலில் முன்னால் நின்ற காரின் பின்பக்கத்தைப் பார்த்தேன். விளிம்பு அதன் நம்பர் பிளேட்டுக்குப் பக்கத்தில் நின்றது, கண்ணாடியில் வெளிச்சம் ஏறவில்லை.

செலவு: பல்பு ஜோடி 420 ரூபாய், நீள ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் 140, டியூப் 150, மாஸ்கிங் டேப் 60. மேஸ்திரி வேண்டாம் வேண்டாம் என்றும் 200 கொடுத்தேன். மொத்தம் 970. ஒரு நல்ல கேரேஜில் கொடுத்திருந்தால் இதைவிடக் குறைவாகவே ஆகியிருக்கும். ஆனால் என் விளக்கு எங்கே இருக்கிறது என்று எனக்கே தெரிவதற்கு இந்தக் காசு தகும்.

மறுபடி செய்தால் வரிசையை மாற்றுவேன். டேப்பை எடுப்பதற்கு முன்னால் டியூப். ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன்னால் பல்பின் காதும் ஸ்பிரிங்கும். ஒரு பல் திருகுவதற்கு முன்னால் இரண்டு விளக்குக்கும் பென்சில் கோடு, வலதுக்கு மட்டும் போட்டது போதவில்லை. பல்பை ரோட்டோரம் மாற்ற நேர்ந்தால், வீட்டுக்கு வந்ததும் ஏதாவது ஒரு சுவர் முன்னால் நிறுத்தி விளிம்பு தெரிகிறதா என்று பார்ப்பேன், அதற்கு ஒரு நிமிடம் போதும். குடும்பத்தோடு ஊருக்குப் போகும்போது டாஷ்போர்டுச் சக்கரத்தை 2-க்கோ 3-க்கோ மாற்றி விளக்கை இறக்கவும் இப்போது மறப்பதில்லை. அந்தச் சக்கரம் எதற்கு இருக்கிறது என்று இத்தனை வருஷம் யோசித்ததே இல்லை.

அசோசியேஷனில் கேட்டுவிட்டு, நான்கு சக்கரமும் நிற்க வேண்டிய இடத்தில் தரையில் மஞ்சள் பெயின்டால் சின்னச் சின்னக் கோடு போட்டிருக்கிறேன். சுவரடியில் "விளக்கின் உயரத்திலிருந்து 5.5 கழி" என்று பென்சிலால் எழுதியிருக்கிறேன். அடுத்த ஞாயிறு இரண்டாவது மாடிக்காரரின் காரின் முன்சக்கரங்கள் அந்தக் கோடுகளில் நிற்கப் போகின்றன. அவருடைய காரில் சக்கர இடைவெளி வேறு என்பதால் அந்த 5.5-ஐ மறுபடி கணக்கிட வேண்டும். விளக்கின் உயரம் 71 செ.மீ. என்று நேற்றே அளந்து வைத்தாயிற்று.